ரத்னி கோட்டையை விட்டு வந்த வருடம்

காங்கிரா ஊர், கோர்க்கா முகாம்
சம்வத் 1865, மாக மாதம்

அக்கா கேசர்தேயிக்கு ஜம்னா எழுதுவது. நமஸ்காரம். வழக்கத்துக்காகப் போட்டிருக்கிறேன், பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

நான் இப்போது உன் காலடியில் இருக்கிறேன். உங்கள் கோட்டை மலைக்கு நேர் கீழே, ஓடிப்போன ஒரு எண்ணெய் வியாபாரியின் வீட்டில். நேபாளத்துக் கோர்க்காப் படைக்குத் தானியம் திரட்டிக் கொடுக்கிற வேலைக்கு என் வீட்டுக்காரரை எங்கள் கஹலூர் ராஜா இங்கே அனுப்பியிருக்கிறார். மாடியில் ஏறினால் உங்கள் மேற்கு மதில் தெரிகிறது. கொஞ்ச நாள் முன்பு வரைக்கும் அடுப்புப் புகையும் தெரிந்தது. இப்போது அது இல்லை. விறகு தீர்ந்துவிட்டதா, சமைக்க ஒன்றுமில்லையா என்று அவரைக் கேட்டேன். "ரெண்டும்தான்" என்றார்.

முற்றுகை தொடங்கி மூன்றாவது குளிர்காலம் இது. செந்தட்டி இலையை வேகவைத்துத் தின்கிறீர்களாம். உங்கள் கட்டோச் ராஜ வம்சத்துப் பெருமையோடு சேர்த்துத் தின்றால் ருசியாகத்தான் இருக்கும். உங்கள் ராஜா ஒழுங்காக இருந்திருந்தால் இந்தக் கோர்க்காக்காரர்கள் சட்லெஜ் ஆற்றைத் தாண்டியே இருக்க மாட்டார்கள். பக்கத்து மலைகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். அடி தாங்காமல்தான் எங்கள் ராஜா அவர்களைக் கூப்பிட்டார்.

அது போகட்டும். உன் மகள் ரத்னியை என்னிடம் அனுப்பு. உனக்கும் மச்சானுக்கும் சாக ஆசை என்றால் தாராளமாகச் செய்யுங்கள். குழந்தை எந்த ராஜாவுக்கும் சத்தியம் பண்ணிக் கொடுக்கவில்லை.

இதைக் கொண்டுவருகிற ஜோகி மஸ்த்நாத், காதில் வளையம் போட்ட கோரக்நாதர் கூட்டத்துச் சாமியார். கோர்க்காக்காரர்கள் அவனைத் தொட மாட்டார்கள், அவர்கள் கும்பிடுகிற குருவின் ஆள். உங்கள் ஆட்களும் சாபத்துக்குப் பயந்து தொட மாட்டார்கள். அவன் பையில் அரிசியும் உளுந்தும் ஒரு கட்டி வெல்லமும் இருக்கின்றன. வெல்லத்தில் பாதியை வழியிலேயே தின்றுவிடுவான். மீதியை ரத்னிக்குக் கொடு.

ஜம்னா


காங்கிரா கோட்டை
மாக மாதம்

ஜம்னா,

ஆசீர்வாதம் எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். நீயே ஏதாவது எழுதிக்கொள்.

உன் அரிசியை மேற்கு மதில் காவல்காரர்களுக்குக் கொடுத்துவிட்டேன். எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். என் தங்கை எதிரிக்கு நெல் அளந்து கொடுக்கிறவனின் பெண்டாட்டி, சிந்தியதைக் கூட்டி அனுப்பியிருக்கிறாள் என்று சொன்னேன். சிரித்தார்கள். சாப்பிட்டார்கள். ஆகவே வீணாகவில்லை.

எங்கள் ராஜாவைப் பற்றிப் பேசுவதற்கு உனக்கு வாய் எங்கிருந்து வந்தது? அவர் எங்களோடுதான் இருக்கிறார். நாங்கள் தின்கிற இலையைத்தான் தின்கிறார். உங்கள் ராஜா எங்கே? கஹலூரில் போர்வைக்குள் இருக்கிறார். தன் வீட்டுச் சண்டைக்கு அடுத்த நாட்டுக்காரனை ஏணி போட்டு இறக்கிவிட்டு, இப்போது அவன் குதிரைக்குக் கொள்ளு சுமக்கிறார். அதில் ஒரு மூட்டை உன் புருஷன் தலையில்.

கோர்க்காக்காரர்கள் ஜெயித்த மகல்மோரிச் சண்டையில் நம் தம்பி தீரஜ் செத்து விழுந்த அன்றைக்கு உன் புகுந்த வீட்டில் அல்வா கிளறினார்கள் என்று கேள்விப்பட்டேன். நெய் நிறைய விட்டார்களா? அந்த வாயால் என் மகள் பெயரைச் சொல்லாதே.

பிள்ளை வேண்டுமென்றால் பெற்றுக்கொள். இத்தனை கோயில் சுற்றியும் உனக்கு வராததை என் வீட்டிலிருந்து எடுத்துக்கொள்ளப் பார்க்காதே.

ரத்னி நன்றாக இருக்கிறாள்.

கேசர்தேயி


காங்கிரா ஊர்
பால்குன மாதம்

அக்கா,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பிள்ளையைப் பற்றி எழுதிய வரியை மட்டும் ஒரு தடவைதான்.

அல்வா கிளறினார்கள். நெய் நிறையத்தான். மாமியார் என் கையில் ஒரு உருண்டையை வைத்து எல்லார் முன்னாலும் நிற்க வைத்தாள். நான் அழுகிறேனா என்று பார்ப்பதற்கு. நான் அழவில்லை. அந்த உருண்டை என்ன ஆனது என்று உனக்குச் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கில்லை. தீரஜ் உனக்கு மட்டும் தம்பி இல்லை.

நீ நினைப்பதுபோல இங்கே விருந்து நடக்கவில்லை. கோர்க்காக்காரர்களுக்கு எங்களைக் கண்டால் இளக்காரம். தன் மலையைத் தானே காட்டிக்கொடுத்தவர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். ஜிதுமான் என்று ஒரு சுபேதார், தெருமுனைக் காவல் அவனுடையது. ஆள் என் தோளுயரம். என் வீட்டுக்காரரை "ஏய், மூட்டை" என்றுதான் கூப்பிடுகிறான். இவரும் திரும்பிப் பார்க்கிறார். திரும்பிப் பார்க்காதீர்கள் என்று சொன்னேன். "பேர் சொல்லிக் கூப்பிட்டா மட்டும் மரியாதை வந்துருமா?" என்றார்.

இப்போது உனக்கு ஒரு சேதி. உன் ராஜா கோர்க்காத் தளபதியோடு பேச்சு நடத்தினார். குடும்பத்தோடு வெளியே போக வழி விட்டால் கோட்டையைக் கொடுத்துவிடுகிறேன் என்றார். வழி விட்டார்கள். போய்விட்டார். கோட்டையைக் கொடுக்கவில்லை. நேராக லாகூர் சீக்கியர்களிடம் ஆள் அனுப்பியிருக்கிறார், அதே கோட்டையை அவர்களுக்குக் கொடுப்பதாகச் சொல்லி. ஒரே பெண்ணை இரண்டு வீட்டுக்கு நிச்சயம் பண்ணியிருக்கிறார் உங்கள் ராஜா. ஊர் முழுக்க இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அவர் போகும்போது மச்சானிடம் சொல்லிவிட்டுப் போனாரா? அவர் தின்ற இலையில் உனக்கு மீதி வைத்தாரா?

ஜம்னா


காங்கிரா கோட்டை
சம்வத் 1866, சைத்திர மாதம்

ஜம்னா,

ராஜா உதவி கேட்டு வரப் போயிருக்கிறார். இப்படித்தான் எங்களுக்குச் சொல்லப்பட்டது. போன பிறகு சொல்லப்பட்டது. உன் மச்சான் மியான் பூப்சிங் அன்றிலிருந்து மதிலை விட்டு இறங்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால், "என்ன இருக்கு, சாப்பிட?" என்கிறார். அது உண்மைதான் என்பதால் நான் வற்புறுத்துவதில்லை.

ரத்னி நன்றாக இல்லை. ஈறில் ரத்தம் வருகிறது. தலை வாரினால் முடி சீப்போடு வருகிறது. போன வாரம் மதில் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தாள். அடித்தேன். அடித்த இடம் இன்னும் வெளிறிப்போய்க் கிடக்கிறது, சிவக்கக்கூட உடம்பில் ஒன்றுமில்லை. இங்கே ஆறு வயதில் வந்தவள். இப்போது பார்த்தாலும் ஆறு வயது என்றுதான் சொல்வார்கள்.

அவளை ஜோகியோடு அனுப்புகிறேன். தலையை மழித்து, சாம்பல் பூசி, அவனுடைய சீடன் மாதிரி. நீ கேட்டாய் என்பதற்காக அனுப்பவில்லை. வேறு போக்கிடம் இல்லாததால் அனுப்புகிறேன். உன் புருஷன் கொண்டுவருகிற தானியம் நம் மலை ஜனங்களின் களத்தில் அடித்துப் பிடுங்கியதுதானே, அதில் கொஞ்சம் இந்த மலைக் குழந்தை தின்றால் தப்பில்லை. கணக்கு சரியாகத்தான் வருகிறது.

உன் புருஷன் உத்தம்சிங்கை அவள் சித்தப்பா என்று கூப்பிட வேண்டியதில்லை. சோறு போடு. பெருமை பேசாதே. நான் அழுதேனா என்று அவளிடம் கேட்காதே.

முதலில் கஞ்சி மட்டும் கொடு. கட்டியாகக் கொடுத்தால் தாங்காது.

கேசர்தேயி


காங்கிரா ஊர்
வைசாக மாதம்

அக்கா,

வந்து சேர்ந்துவிட்டாள். உயிரோடு இருக்கிறாள். இதை முதல் வரியிலேயே எழுதிவிட்டேன், மீதியை நீ நிதானமாகத் திட்டிக்கொண்டு படிக்கலாம்.

தெருமுனையில் ஜிதுமான் நிறுத்தியிருக்கிறான். நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், இறங்கி ஓடினேன். அவன் ரத்னியின் முகவாயைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தான்.

"சாமி, உங்க சீடனுக்குக் காது குத்தலையா?"

"இன்னும் நேரம் வரல" என்றான் ஜோகி.

"கையில வளையல் போட்ட தழும்பு இருக்கே. அதுக்கு மட்டும் நேரம் வந்துருச்சா?"

ஜோகி சாபம் கொடுப்பதற்குக் கையைத் தூக்கினான். ஜிதுமான் அவனைக் கவனிக்கவே இல்லை. ரத்னியின் கையை விரலால் சுற்றிப் பிடித்துப் பார்த்தான். அவனுடைய விரல் சுற்றியும் மிச்சம் இருந்தது.

"இதுங்களத்தான் உள்ள வெச்சுக்கிட்டு இருக்காங்களா? இதுக்குப் பயந்தா இத்தனை வருஷமா இந்த மதிலுக்குக் கீழ நிக்கறோம்? போ, போய்த் தின்னு. நீ தின்னுட்டா கோட்டை ஒண்ணும் நிமிந்துராது."

உன் மகள் அவனைப் பார்த்து என்ன சொன்னாள் தெரியுமா? "நீ என்ன இவ்ளோ குள்ளமா இருக்க? எங்கப்பாவோட மதில் மேல நின்னு பாக்கறப்ப, தூரத்துல இருக்கறதால குள்ளமாத் தெரியறீங்கன்னு நெனச்சேன். நெஜமாவே குள்ளம்." அவளை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். ஜிதுமான் வழி விட்டான். யாருடைய வாய் அவளுக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கஞ்சி மட்டும்தான் கொடுத்தேன். அதையும் வாந்தி எடுத்தாள். மறுநாள் நின்றது. இப்போது ரொட்டி கேட்கிறாள். கொடுத்தால் பாதியைத் தின்றுவிட்டு மீதியைப் படுக்கைக்குக் கீழே ஒளித்து வைக்கிறாள். எடுத்தால் கத்துகிறாள். நான் எடுப்பதில்லை. எறும்பு வருகிறது, வரட்டும்.

உத்தம்சிங்கை அவள் சித்தப்பா என்று கூப்பிடவில்லை. "மூட்டை" என்று கூப்பிடுகிறாள், தெருவில் கேட்டுக் கற்றுக்கொண்டது. உனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

நீ அழுதாயா என்று நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்.

ஜம்னா


காங்கிரா கோட்டை
ஆஷாட மாதம்

ஜம்னா,

நீ மாடியில் நின்று பார்த்தது போதும். இப்போது நான் மதிலில் நின்று பார்க்கிறேன். லாகூர்ப் படை வந்துவிட்டது. ஜ்வாலாமுகிப் பக்கத்திலிருந்து பள்ளத்தாக்கு நிறையக் கூடாரம். யானையின் மேல் பீரங்கி. நீலத் தலைப்பாகையோடு சீக்கிய அகாலி வீரர்கள் குதிரையை ஓடவிட்டுச் சத்தம் போடுகிறார்கள். உன்னுடைய குள்ளர்கள் அவசரமாகக் கல் அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள், இங்கிருந்தே தெரிகிறது. கோட்டையைச் சுற்றி நின்றவர்களை இப்போது இன்னொருவன் சுற்றி நிற்கிறான்.

மூட்டைக்கு இனி மூட்டை எங்கிருந்து வரும்? ஜனங்கள் தானியத்தைக் காட்டுக்குள் கொண்டுபோய் ஒளிக்கிறார்களாம். லாகூர்க்காரர்கள் வழியெல்லாம் அடைத்துவிட்டார்கள். செந்தட்டி எப்படிச் சமைப்பது என்று தெரியாவிட்டால் கேள். இளசாகப் பறிக்க வேண்டும்.

ஆனால் நீ உடனே சிரிக்கக்கூடிய ஒன்றையும் நானே எழுதிவிடுகிறேன். வேறு யார் மூலமாவது நீ கேட்பதை விட இது மேல். லாகூர்க்காரர்கள் சும்மா வரவில்லை. எங்கள் ராஜாவின் பிள்ளையைத் தங்களோடு வைத்துக்கொண்டிருக்கிறார்கள், விருந்தாளி என்று பெயர். கோட்டை கைக்கு வந்தால்தான் பிள்ளை வீட்டுக்கு வருவான். அப்படியென்றால் நாங்கள் இத்தனை நாள் காத்தது யாருக்கு என்று உன் மச்சானைக் கேட்டேன். "கேள்வி கேக்கறதுக்கு இது நேரமில்ல" என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்குள்ளும் அதே கேள்விதான்.

கதவு திறந்ததும் ரத்னியைக் கூட்டிக்கொண்டு வந்து விடு. வாசல் வரைக்கும் வந்தால் போதும்.

கேசர்தேயி


காங்கிரா ஊர்
சிராவண மாதம்

அக்கா,

உன் சமையல் குறிப்புக்கு நன்றி. இளசு, முற்றல் எல்லாம் தீர்ந்துபோயிற்று.

ஜோகி மஸ்த்நாத் செத்துவிட்டான். முகாமில் வாந்திபேதி. ஆற்றங்கரையில் நாள் முழுக்கச் சிதை எரிகிறது, மழையில் பாதி எரிந்தும் எரியாமலும். இதை அவனுடைய கூட்டத்து இன்னொருவன் கொண்டுவருகிறான். இவன் தின்றுவிடுவானோ என்று கவலைப்பட இவன் பையில் ஒன்றுமில்லை.

தானியம் வரவில்லை என்று என் வீட்டுக்காரரைக் கூடாரக் கம்பத்தில் கட்டிவைத்து அடித்தார்கள். இடது முட்டி உடைந்துவிட்டது. எந்த ராஜாவின் உத்தரவின் பேரில் அவர்களுக்குச் சோறு போட்டாரோ, அந்த ராஜாவிடமிருந்து ஒரு ஆள்கூட விசாரிக்க வரவில்லை. உன் ராஜாவும் என் ராஜாவும் ஒரே பானையில் வெந்தவர்கள். மூடியைத் திறந்து பார்த்தால் எது யார் என்று தெரியாது.

ரத்னி ஒரு காரியம் செய்தாள். படுக்கைக்குக் கீழே சேர்த்து வைத்திருந்த ரொட்டியை, கல் மாதிரி ஆகிவிட்டிருந்தது, எடுத்துத் தண்ணீரில் ஊறவைத்து அவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். "தின்னு. செத்துராத. எனக்குப் பயமா இருக்கு" என்றாள். மூட்டை என்று சொல்லவில்லை. வேறு எதுவும் சொல்லியும் கூப்பிடவில்லை. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு தின்றார்.

மலையுச்சியில் இரண்டு படையும் மோதப்போகின்றன என்கிறார்கள். கோர்க்காக்காரர்கள் தோற்றால் நாங்களும் அவர்களோடு ஓட வேண்டும். ஊர்க்காரர்கள் என் வீட்டுக்காரரை விட்டு வைக்க மாட்டார்கள். ரத்னியை உன் வாசலில் கொண்டுவந்து விட நடுவில் இரண்டு படை இருக்கிறது. நீயே சொல், எந்தப் படையை முதலில் தள்ளிப்போகச் சொல்ல?

ஜம்னா


காங்கிரா கோட்டை, வெளி வாசல்
பாத்ரபத மாதம்

ஜம்னா,

இது உன் கைக்கு வருமா என்று தெரியவில்லை. உப்பு வியாபாரி ஒருவன் சட்லெஜ் பக்கம் போகிறான். அவனிடம் கொடுக்கிறேன்.

சண்டையைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். கோர்க்காக்காரர்கள் மேட்டில், லாகூர்க்காரர்கள் கீழிருந்து ஏறுகிறார்கள். முதலில் துப்பாக்கிப் புகை, ஒன்றும் தெரியவில்லை. மழை வந்து வெடிமருந்து நனைந்த பிறகு எல்லாம் தெரிந்தது. வாளும் கோர்க்காக்காரர்களின் குக்ரிக் கத்தியும்தான். சீக்கியன் நெடியவன், கோர்க்காக்காரன் அவன் வீச்சுக்குக் கீழே புகுந்து வயிற்றில் வெட்டுகிறான். வெட்டியவன் தலையை அடுத்தவன் கொண்டுபோகிறான். இரண்டு பக்கமும் ஒருவனாவது திரும்பி ஓடுவான் என்று பார்த்தேன். ஓடவில்லை. எனக்கு அவர்கள் மேல் மரியாதை எதுவும் வரவில்லை. இந்த மேட்டின் பெயர்கூட அவர்களுக்குத் தெரியாது.

நம் மலைக்காக நடந்த சண்டையில் நம் ஆள் ஒருவன்கூட இல்லை. மதிலில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம், திருவிழாவில் கிடாச் சண்டை பார்க்கிற மாதிரி.

பிறகு ராஜாவின் கையெழுத்தோடு உத்தரவு வந்தது. வாசலைத் திறந்து லாகூர்க்காரர்களிடம் சாவியைக் கொடுக்கச் சொல்லி. உன் மச்சான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் வேறு ஏதாவது எழுதியிருக்குமோ என்பது போல. பிறகு திறந்தார். கோர்க்காக்காரர்களின் பீரங்கியால் திறக்காத கதவு.

எங்களை வெளி வாசலுக்குப் போகச் சொன்னார்கள். துணி மூட்டையை வைத்துக்கொண்டு நின்றேன். தாடி சரியாக முளைக்காத ஒரு சீக்கியச் சிப்பாய் வந்தான்.

"மாதாஜி, நம்ம லங்கர்ல சாப்பாடு போடறாங்க. சாப்பிட்டுப் போங்க."

"நான் என் வீட்டு வாசல்ல நிக்கறேன். என்னைச் சாப்பிடச் சொல்ல நீ யார்டா?"

"அப்படியா? சரி வீட்டுக்காரம்மா, கொஞ்சம் வழி விடுங்க. பீரங்கி உள்ள போகணும்."

வழி விட்டேன். பிறகு போய்ச் சாப்பிட்டேன். பருப்பு நன்றாகவே இருந்தது. அதுதான் எரிச்சல்.

கீழே உன் எண்ணெய் வியாபாரி வீட்டுக்குப் போனேன். கதவு இல்லை. மாடியில் ஏறிப் பார்த்தேன். மேற்கு மதில் நன்றாகவே தெரிகிறது.

ரத்னி எங்கே?

கேசர்தேயி


கஹலூர், சட்லெஜ் இடக்கரை
ஆசுவின மாதம்

அக்கா,

என்னோடு இருக்கிறாள். இரண்டு பேரும் உயிரோடுதான் இருக்கிறோம். மூன்று பேர் என்று எழுத வேண்டும், என் வீட்டுக்காரர் கோலூன்றி நடக்கிறார்.

கோர்க்காத் தளபதி லாகூர்க்காரர்களோடு ஒப்பந்தம் பண்ணிக்கொண்டு கிளம்பினார். சுமக்க ஆள் இல்லை, கூடாரத்தையெல்லாம் போட்டுவிட்டு நடந்தார்கள். வழியெல்லாம் மழை. பின்தங்கியவர்களை ஊர் ஜனங்கள் அரிவாளோடு வந்து முடித்தார்கள். நான் என் சேலையைக் கிழித்து உத்தம்சிங்கின் தலையில் கட்டி, நோயாளிக் கிழவன் மாதிரி கூட்டிக்கொண்டு வந்தேன். அதற்கு அவர் பெரிதாக நடிக்க வேண்டியிருக்கவில்லை.

ஒரு ஓடையில் வெள்ளம். பாலம் போய்விட்டது. பின்னால் துரத்தி வருகிறார்கள் என்று சத்தம். ரத்னியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன், இடுப்புக்கு மேல் தண்ணீர், முடியவில்லை. அந்த ஜிதுமான் வந்தான். என் கையிலிருந்து அவளைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

"எறக்கி விடு குள்ளா" என்றாள் உன் மகள்.

"வாய மூடு. என் துப்பாக்கி உன்ன விடக் கனம். அதையே எறிஞ்சுட்டு வந்திருக்கேன், உன்னையும் எறிஞ்சுருவேன்."

அக்கரையில் மூட்டையைப் போடுவதுபோல அவளைப் போட்டான். என்னைப் பார்த்து, "உங்க மலையும் வேணாம், நீங்களும் வேணாம். கூப்பிடறப்ப வந்தோம் பாரு, எங்களச் சொல்லணும்" என்றான். பிறகு தன் ஆட்கள் இன்னும் அந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று திரும்பவும் தண்ணீரில் இறங்கினான். அப்புறம் அவனை யாரும் பார்க்கவில்லை. செத்த எதிரிகள் கணக்கில் உன் பக்கத்துக்கு ஒன்று கூட்டிக்கொள். ரத்னியிடம் அவன் வேறு வழியாகப் போய்விட்டான் என்று சொல்லியிருக்கிறேன். அவள் நம்பவில்லை.

சட்லெஜ்தான் இனி எல்லை. அந்தக் கரை லாகூர், இந்தக் கரை கோர்க்கா. எங்கள் ராஜா இன்னமும் போர்வைக்குள்ளேதான். ஆனால் போர்வை இப்போது கோர்க்காக்காரர்களுடையது.

ஜம்னா


காங்கிரா கோட்டை
கார்த்திகை மாதத் தொடக்கம்

ஜம்னா,

திரும்பவும் கோட்டைக்குள்ளிருந்து எழுதுகிறேன். எப்படி என்று கேட்பாய். நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்கிறேன்.

உன் மச்சான் லாகூர்க்காரர்களிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். காவல் படைக்கு வழிகாட்டி. எந்த மதிலில் விரிசல், எந்தக் கிணற்றில் கோடையில் தண்ணீர் நிற்கும், எந்தச் சந்து எங்கே போகும் என்று சொல்லிக்கொடுக்கிறார். அவர்கள் வம்சப் பட்டத்தைச் சொல்லி "மியான், இங்க வாங்க" என்றால் போகிறார். எனக்கு அந்த அழைப்பைக் கேட்டால் வேறொருவர் ஞாபகம் வருகிறது. நீ சிரிக்கலாம். நான் இதை எழுதிக் கொடுத்துவிட்டேன், இனி ஒளிக்க ஒன்றுமில்லை.

நான் கேட்டேன். "எதுக்கு இந்த வேலை?"

"அவங்களுக்கு வழி தெரிஞ்ச ஆள் வேணும். எனக்குக் கோட்டை வேணும்."

"கோட்டை வேணுமா, மகள் வேணுமா?"

"மகள் வந்தா கோட்டையில இருக்கட்டும். யாரு வேணாம்னாங்க?"

நல்ல மனிதர்தான். கெட்டவராக இருந்திருந்தால் அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்திருப்பேன். இந்தச் சுவர்களுக்குள் இத்தனை வருஷம் பட்டினி கிடந்ததில், சுவர்தான் தன்னைக் காப்பாற்றியது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. எனக்கு அது நேர்மாறாகத் தோன்றுகிறது.

இருந்தாலும் ரத்னி இங்கேதான் வர வேண்டும். என் மகள் கோர்க்கா மண்ணில், உத்தம்சிங்கின் கூரைக்குக் கீழே வளர வேண்டாம். அனுப்பிவிடு. நீ போட்ட சோற்றுக்கு நன்றி சொல்ல மாட்டேன். சொன்னால் நீ அதை வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுக்கப் பேசுவாய்.

கேசர்தேயி


கஹலூர்
கார்த்திகை மாதம்

அக்கா,

நான் சிரிக்கவில்லை. உத்தம்சிங்தான் சிரித்தார். கம்பத்தில் கட்டி அடித்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது இதுதான் முதல் தடவை, அதனால் தடுக்கவில்லை. பிறகு அவரே, "சகலையப் பாத்து இருக்கச் சொல்லு. தேவை முடிஞ்சா அவங்களும் கம்பம் தேடுவாங்க" என்றார். இதைக் கேலியாகச் சொல்லவில்லை.

உன் கடிதத்தை ரத்னிக்குப் படித்துக் காட்டினேன். மறைக்கவில்லை. முழுக்கக் கேட்டாள். முடி இப்போது காது வரை வளர்ந்திருக்கிறது, அதை இழுத்துக்கொண்டே கேட்டாள்.

"கோட்டைக்கா?"

"ஆமா. உங்க வீட்டுக்கு."

"அது வீடில்ல. அங்க கதவ மூடிட்டாத் திறக்க மாட்டாங்க. நான் வரல. அம்மாவ இங்க வரச் சொல்லு."

"உங்கம்மா இங்க வர மாட்டா. உங்கம்மாவுக்கு நம்மளப் புடிக்காது."

"எங்கம்மாவுக்கு யாரத்தான் புடிக்கும்?" என்றாள். "புடிக்காமயே வரட்டும்."

அவளைக் கட்டி அனுப்பச் சொன்னால் அனுப்புகிறேன். உன் மகள், உன் இஷ்டம். நான் யாருடைய வீட்டிலிருந்தும் எதையும் எடுத்துக்கொள்கிறவள் இல்லை. ஆனால் அனுப்புகிற அன்று அவளைப் பிடித்துத் தூக்கிப் படகில் போடுவதற்கு நீதான் வர வேண்டும். என்னால் ஆகாது.

சீக்கிரம் முடிவு பண்ணு. ஆற்றில் போக்குவரத்தை நிறுத்தப் போகிறார்கள் என்று இங்கே பேச்சு.

ஜம்னா


சட்லெஜ் வலக்கரை
கார்த்திகை மாதம்

ஜம்னா,

தோணிக்காரன் பக்கத்தில் நின்று அவசரப்படுத்துகிறான். இதை இன்றைக்கு அவன் கொண்டுவருவான். நாளைக்கு என்னைக் கொண்டுவருவான்.

உன் மச்சானிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். ராஜா மாதிரி இருட்டில் நழுவவில்லை. வாசல் வரைக்கும் வந்தார். "எப்ப வருவ?" என்றார். "நீங்க எப்ப வருவீங்க?" என்றேன். அவர் திரும்பி மதிலைப் பார்த்தார். நான் நடக்க ஆரம்பித்தேன். பின்னாலிருந்து கூப்பிட்டால் என்ன செய்வது என்று கொஞ்ச தூரம் யோசித்தேன். யோசித்திருக்க வேண்டியதில்லை.

வழியில் நாதௌன் பஜாரில் புல் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. கடைத்திண்ணை ஒன்றில் புலி குட்டி போட்டிருக்கிறது என்று சுற்றிப் போகச் சொன்னார்கள். இந்த மலையை வென்றவர்கள், தோற்றவர்கள், காத்தவர்கள், விற்றவர்கள், எல்லோரும் வந்து அந்தக் கடையில் ஒரு பிடி உப்பு வாங்கிக் காட்டட்டும்.

இந்தக் கரையில் லாகூர்க் காவல். காவல்காரன் சொன்னான், "போறதுன்னா போங்கம்மா. திரும்பி வர்றதுக்கு உத்தரவு கிடையாது. புரியுதா?"

"எனக்குப் புரியுது. நீ இன்னொரு தடவை சொல்லு. எங்க வீட்டுக்காரர் வந்து கேட்டா இதே மாதிரி மாத்தாம சொல்லணும்."

இரண்டாவது தடவை அவன் கொஞ்சம் மெதுவாகச் சொன்னான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் உன் வீட்டுக்கு வரவில்லை. என் மகள் இருக்கிற இடத்துக்கு வருகிறேன். அது உன் வீடாக இருந்தால் அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. உத்தம்சிங்கோடு பேச மாட்டேன். கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்பேன், அதுவும் உன்னிடம்தான் கேட்பேன். பிள்ளையைப் பற்றி உனக்கு நான் எழுதிய ஒரு வரி இருக்கிறது. அது எது என்று உனக்குத் தெரியும். அந்தக் கடிதத்தை நான் வருவதற்குள் அடுப்பில் போட்டுவிடு.

இங்கே தோணி கிடையாது, பெயர்தான் தோணிக்காரன். ஊதிய எருமைத்தோலின் மேல் அவன் குப்புறப் படுத்துக்கொண்டு கையால் துழாவுவான், அவன் முதுகைக் கட்டிக்கொண்டு போக வேண்டுமாம். ஒரு மியானின் மனைவி அப்படி வருவதை ரத்னி பார்க்க வேண்டாம். அவளை வீட்டில் விட்டுவிட்டு நீ மட்டும் கரைக்கு வா. தண்ணீர் எவ்வளவு ஆழம் வரைக்கும் இறங்க முடியுமோ இறங்கி நில்.

எனக்கு நீந்தத் தெரியாது.

கேசர்தேயி